வலது கீழ் மூலை

செப்டம்பர் 9, சனி

இன்று சொல்லாமல் விட்டது: கல்லூரிக்குப் போக வேண்டிய கணினிகள் லைசன்ஸ் கீயை ஏற்கவில்லை.

நாலரை மணி டீக்கு ஓனர் லோகநாதன் அண்ணன் என் மேசைக்கு வந்து, எல்லாம் ரெடியா என்று கேட்டார். "ரெடிங்ணா" என்றேன். அதில் பொய் இல்லை. நூற்றியிருபது கணினிகளும் அட்டைப்பெட்டிக்குள் போய், டேப் ஒட்டப்பட்டு, குடோன் சுவரோரம் என் தலைக்கு மேல் அடுக்கி நின்றன.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுதினால் சின்னதாகத் தெரியலாம்.

எங்கள் கடை காந்திபுரத்தில், ஒரு நகைக்கடை விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. உதிரிப் பாகங்களை வாங்கிக் கோர்த்து, எங்கள் பெயரை ஒட்டிக் கணினி விற்கிறோம். உடுமலைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியின் புது லேப்புக்கு நூற்றியிருபது கேட்டார்கள். அவற்றில் விண்டோஸ் போடும் வேலை முழுக்க என்னிடம் வந்தது. ஒரு கணினியில் எல்லாவற்றையும் அமைக்க வேண்டும்: ஆன் செய்தால் எங்கள் கடையின் சின்னம், தமிழில் அடிக்க விசைப்பலகை, உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண். அதுதான் மாஸ்டர். அதை மற்றவற்றுக்குப் பிரதி எடுத்துவிடலாம். லைசன்ஸ் மட்டும் தனித்தனி. கணினிக்கு ஒன்றாக ஸ்டிக்கர், ஸ்டிக்கருக்கு ஒன்றாக இருபத்தைந்து எழுத்துக் கீ. ஸ்டிக்கரை சைட்டில்தான், அதாவது வாங்கியவர் இடத்தில்தான் ஒட்டுவோம், கீயையும் அங்கேதான் போடுவோம். பெட்டி மாறிப் போகாமல் இருக்கக் கடையில் வைத்திருக்கும் வழக்கம்.

ஸ்டிக்கர் பார்சல் வரத் தாமதமானதால், சும்மா இருக்கப் பிடிக்காமல், சோதித்துப் பார்க்க இலவசமாகக் கிடைக்கும் ட்ரையல் விண்டோஸை இறக்கி அதில் மாஸ்டரைச் செய்தேன். எட்டு நாள் வேலை. கீ வந்ததும் அடித்தால் ட்ரையல் அசலாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எதையும் நானே படித்துத் தெரிந்துகொள்வதுதான் என் பெருமை. இந்த ஒன்றை மட்டும் படிக்கவில்லை.

இன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, ஆசைக்கு, காலையில் வந்த பார்சலிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துக் கீயை அடித்துப் பார்த்தேன். ஏற்கவில்லை. எட்டா, பி-யா என்று சந்தேகப்பட்டு மூன்று முறை அடித்தேன். பிறகு தேடிப் படித்தேன். ட்ரையல் என்பது தனி வகையாம். எந்தக் கீ போட்டாலும் அசலாகாது. அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். தொண்ணூறு நாள் ஓடும். அதற்குப் பிறகு கணினி மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துவிடும். வேறு எதுவும் கெடாது. மணிக்கு ஒருமுறை அணையும், அவ்வளவுதான்.

திரும்பச் செய்ய ஐந்து நாள் வேண்டும். லாரி திங்கட்கிழமை காலை.

இந்த வேலை திலீபனுக்குத்தான் போகும் என்று கடையில் நினைத்தார்கள். எட்டு வருடமாக இருப்பவர். ஓனர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னபோது திலீபன் முகம் மாறவில்லை. "நமக்கு ஸ்க்ரூ டிரைவர் போதுங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர் மாற்றினேன். அம்மாவுக்கு ரெகுலேட்டரைத் தொடப் பயம். நூலகத்தில் இரண்டு நாவல்களைத் திருப்பிக் கொடுத்தேன், பதினோரு நாள் தாமதம்.

மதியம் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ட்ரையல் விண்டோஸ் தன்னை மறைத்துக்கொள்ளாது. திரையின் வலது கீழ் மூலையில் மூன்று வரி வெள்ளை எழுத்தில் எத்தனை நாள் பாக்கி என்று காட்டிக்கொண்டே இருக்கும். கடையில் என் வால்பேப்பர் வெளிர்நிறம் என்பதால் உறுத்தவில்லை. கல்லூரிக்கு அனுப்பும் வால்பேப்பர் கரும்பச்சை. அதில் பளிச்சென்று தெரியும்.

சாயங்காலம் வரை உட்கார்ந்து வால்பேப்பரை மாற்றி வரைந்தேன். வலது கீழ் மூலையில் அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. அதன் மேல் ஓரத்தில் கல்லூரியின் சின்னம். வெள்ளையில் வெள்ளை தெரியாது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் லேசாகத் தெரிகிறது. யார் கணினியைத் தலை சாய்த்துப் பார்க்கிறார்கள்?

அழகாகத்தான் வந்திருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

உக்கடம் பேருந்து நிலையத்தில், உடுமலை பஸ்ஸில் திலீபன் எனக்கு ஜன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். கடையில் எல்லோரும் அவரைத் திலீபண்ணா என்பார்கள். நான் பெயரோடு எதையும் சேர்ப்பதில்லை. அதை அவர் கவனித்திருக்கிறாரா என்று தெரியாது.

லேப் பொறுப்பாளர் சுகந்தி மேடம். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் சேலையோடு பின் குத்திய சாவிக்கொத்து. பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளராக இருப்பதாக, அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில், ஊர் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். ஒவ்வொரு ஜூனிலும் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களாம்.

மாலை மூன்று மணிக்குள் எல்லாம் மேசை ஏறி, இணையமும் வந்துவிட்டது. வால்பேப்பரை நெட்வொர்க் வழியாக ஒரே நேரத்தில் அனுப்பினேன். திலீபன் ஸ்டிக்கர்களை ஒட்டி முடித்து, முதல் கணினியில் கீ அடிக்க உட்கார்ந்தார்.

நான் சொன்னேன், கீ எல்லாம் மாஸ்டரிலேயே போட்டாகிவிட்டது என்று. ஒவ்வொன்றுக்கும் தனிக் கீயாயிற்றே என்றார். பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொரு கணினியும் தன் கீயைத் தானே எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருக்கிறேன் என்றேன். செட்டிங்ஸில் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்றேன்.

"இப்பிடியெல்லாங்கூடப் பண்ணலாங்களா? பெரிய ஆளுங்க நீங்க" என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே சொன்னார்.

ட்ரையல் இணையத்தைப் பார்த்ததும் தன்னைப் பதிவு செய்துகொண்டுவிடும், நாள் கணக்கும் அப்போதுதான் தொடங்கும். செட்டிங்ஸில் ஆக்டிவேட் ஆகிவிட்டதாகத்தான் காட்டும். அவர் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, எண்ணைச் சத்தமாகச் சொல்லி, ஒப்படைப்புப் படிவத்தில் டிக் போட்டார். நூற்றியிருபது டிக். செய்தவரே சரிபார்க்கக் கூடாது என்பது கடையின் இன்னொரு வழக்கம். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் நான், 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவர்.

உதவிக்கு என்று எல்லாக் கணினியிலும் இருக்கும் எண்ணும் அவருடையதே. ஓனர்தான் அப்படிப் போடச் சொன்னார். நான் கூச்ச சுபாவம், வாடிக்கையாளரோடு பேசத் தெரியாது என்பது அவர் எண்ணம்.

இன்றிலிருந்து தொண்ணூறு நாள் என்றால் டிசம்பர் 10. தீபாவளிக்குக் கல்லூரி ஐந்து நாள் விடுமுறை. அப்போது வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன். யாருக்கும் தெரியாமலேயே சரியாகிவிடும். யாருக்கும் தெரியாத தவறு தவறுதானா என்று திரும்பும் பேருந்தில் யோசித்தேன். இந்த மாதிரிக் கேள்விகள் எனக்கு நாவலில் பிடிக்கும்.

செப்டம்பர் 27, புதன்

அம்மாவுக்குக் கண் பரிசோதனை. கடையில் வேலை குறைவு. சம்பள உயர்வு பற்றி ஓனர் தீபாவளிக்குப் பிறகு பேசலாம் என்றார்.

அக்டோபர் 20, வெள்ளி

கல்லூரியில் ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். திலீபனும் நானும் போனோம்.

சுகந்தி மேடம் நூற்றியிருபது கணினிக்கும் தன் கையால் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். திரையில் வைத்தால் கறை ஆகுமென்று சிபியு பெட்டியின் மேல் வைத்தார். பெட்டியின் மேல்தான் லைசன்ஸ் ஸ்டிக்கர்கள். பல கீகளின் நடுவே சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. பொரியும் கடலையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். பிரின்சிபால் வால்பேப்பரைப் பாராட்டினார். அந்த வெள்ளைப் பட்டைதான் எடுப்பாக இருக்கிறதாம்.

பொரி தின்றுகொண்டே சுகந்தி மேடம் விஷயத்தைச் சொன்னார். முதல்முறையாக ஒரு பெங்களூர் கம்பெனி கல்லூரிக்கே வருகிறது. கடைசி வருடப் பெண்கள் நூற்றிப் பன்னிரண்டு பேருக்கும் இந்த லேப்பில்தான் ஆன்லைன் தேர்வு. இதுவரை கோயமுத்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய் எழுத வைப்பார்களாம். பாதி வீட்டில் அனுப்ப மாட்டார்கள்.

"இங்கியே நடக்குதுன்னதும் எல்லா வீட்டுலயும் சரின்ட்டாங்க. ஒரு புள்ளைக்குக் கார்த்திகைக் கடைசியில கல்யாணம் வெச்சிருந்தாங்க. வேல கெடச்சா கல்யாணத்தத் தள்ளி வெக்கறோம்னு அவங்கப்பாவே ஒத்துக்கிட்டாரு" என்றார். தன் மகளைப் பற்றிப் பேசுவதுபோல முகம்.

தேர்வு என்றைக்கு என்று கேட்டேன். நவம்பர் 28. மனதுக்குள் எண்ணினேன். எழுபத்தெட்டாவது நாள். பயமில்லை.

கிளம்பும்போது திலீபன் கடைசி வரிசையில் ஒரு திரையின் முன் நின்று தலையைச் சாய்த்தார்.

"கலா, மூலையில மங்கலா எழுத்து மாதிரி தெரியுதுங்களே?"

"வால்பேப்பரோட வாட்டர்மார்க்" என்றேன்.

"அப்பிடிங்களா." கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தை ஒருமுறை துடைத்துவிட்டு வந்தார்.

நவம்பர் 8, புதன்

தீபாவளி விடுமுறையில் லேப்பைத் திறக்கச் சொல்லி சுகந்தி மேடத்திடம் போனில் கேட்டேன். கடையிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம், ஓனர் கையெழுத்தோடு. அவராகத் திறந்தால் கேள்வி வரும் என்றார். தற்காலிகப் பணியாளர் எதையும் தானாகத் திறக்க மாட்டார். எனக்குப் புரிகிறது.

ஓனரிடம் அப்டேட் போட வேண்டும், நான்கு நாள் ஆகும் என்றேன். என்ன அப்டேட் என்று கேட்டார். பாதுகாப்பு சம்பந்தமாக என்றேன். "நல்லா ஓடிட்டிருக்கறத எதுக்குங் கண்ணு நோண்டிட்டு? தீபாவளிக்கு அம்மா கூட இரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த இடத்தில் காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். கடிதத்தை அடித்துக்கூட வைத்திருந்தேன். அச்செடுக்கவில்லை.

தேர்வுதான் 28-ஆம் தேதியே முடிந்துவிடுகிறதே. அதற்கப்புறம் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அம்மா செய்த மைசூர்பாகு கல்லாகிவிட்டது. ஒரு பெரிய ரஷ்ய நாவலைப் பாதி வரை படித்தேன். எல்லோரும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அதற்கு அவர்களுக்கு நூறு பக்கம் இருக்கிறது.

நவம்பர் 24, வெள்ளி

மழையால் தேர்வு தள்ளிப்போய்விட்டதாம். சுகந்தி மேடம் திலீபனுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். டிசம்பர் 12.

எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றி இரண்டு.

நவம்பர் 25, சனி

மறுபடி எண்ணினேன்.

டிசம்பர் 2, சனி

இன்று திலீபனிடம் சொல்லிவிடுவதென்று கிளம்பினேன். ஓனரைவிட அவரிடம் சொல்வது சுலபம். திட்ட மாட்டார். இரண்டு பேரும் ஒரு ஞாயிறு, ஒரு திங்கள் என்று உட்கார்ந்தால், கணினியைக் கழற்றாமல், நெட்வொர்க் வழியாகவே முடித்துவிடலாம். லேப்பைத் திறக்க அவர் சொன்னால் சுகந்தி மேடம் கடிதம் கேட்க மாட்டார். எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். முதல் வாக்கியம்கூடத் தயார்: "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேங்க."

பேக்கரியில் அவர்தான் டீ சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள், "கலா, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்று போனை நீட்டினார். தாராபுரத்துப் பெண். போன ஞாயிறு போய்ப் பார்த்திருக்கிறார்கள். தை மாதம் நிச்சயம். பச்சைச் சேலை, நெற்றி சின்னது, பள்ளிக்கூட டீச்சர். நீங்க நெறையப் படிக்கறவங்க, மூஞ்சியப் பார்த்தா ஆள் எப்பிடின்னு சொல்லுங்க என்றார்.

நல்ல மாதிரித் தெரிகிறார் என்றேன். வாழ்த்துச் சொன்னேன்.

நீங்க ஏதோ பேசணும்னீங்களே என்று கேட்டார். ஒன்றுமில்லை, மறந்துபோய்விட்டது என்றேன்.

இரண்டு விஷயத்துக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. நேரம் ஆகிவிட்டது, கடையில் ஆள் இல்லை, அதனால் வந்துவிட்டோம்.

டிசம்பர் 9, சனி

சுகந்தி மேடம் இன்று எல்லாக் கணினியையும் ஆன் செய்து மாதிரித் தேர்வு ஒன்றை ஓட்டிப் பார்த்தாராம். அற்புதமாக ஓடியதாம். கம்பெனி ஆட்கள் லேப்பைப் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். இனி தேர்வு நாள் காலையில்தான் திறப்பார்கள். திலீபன் சந்தோஷமாகச் சொன்னார்.

இன்று எண்பத்தொன்பது.

டிசம்பர் 11, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாவிட்டால் ஒருவேளை எதுவும் ஆகாமலும் இருக்கலாம். இணையத்தில் ஒருவர், தன் கணினி தொண்ணூறு நாளுக்குப் பிறகும் அணையவே இல்லை என்று எழுதியிருக்கிறார். அதை நாலு முறை படித்தேன்.

துணி துவைத்தேன். தலையணை உறைகள் உட்பட.

டிசம்பர் 12, செவ்வாய்

தேர்வு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை.

ஒன்பது நாற்பத்திரண்டுக்குத் திலீபன் போன் அடித்தது. கையில் ஒரு மதர்போர்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

சுகந்தி மேடம்தான். முதல் வரிசை அணைந்துவிட்டது என்றார். கரண்ட் இருக்கிறதா என்று திலீபன் கேட்டார். இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, மற்ற வரிசைகளும் ஓடுகின்றன என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வரிசையும் போனது. காலையில் எட்டு நாற்பதுக்கு அவர் ஒவ்வொன்றாக ஆன் செய்துகொண்டு போயிருக்கிறார். எந்த வரிசையில் ஆன் செய்தாரோ அதே வரிசையில், அதே இடைவெளியில், ஒவ்வொன்றாக அணைந்திருக்கிறது.

திலீபன் என்னைப் பார்த்தார். "என்னங்க கலா பண்ணலாம்?"

திரும்ப ஆன் பண்ணச் சொல்லுங்க என்றேன். ஆன் ஆகியது. ஆனால் தேர்வு உள்ளே விடவில்லை. பாதியில் வெளியே போனவர் மறுபடி நுழைய முடியாதபடிதான் கம்பெனி வைத்திருந்தது, காப்பி அடிக்காமல் இருக்க.

பின்னால் சத்தம் கேட்டது. முதலில் நாற்காலிகள் நகரும் சத்தம். அப்புறம் பேச்சு. அப்புறம் ஒரு பெண் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்பது. என்ன கேள்வி என்று தெளிவாக விழவில்லை.

"மூணாவது வரிசையும் போயிருச்சு தம்பி" என்றார் சுகந்தி மேடம். "இங்க சிஸ்டத்துல உதவிக்குன்னு உங்க நம்பர்தான் போட்டிருக்குது. சொல்லுங்க தம்பி, நான் என்ன பண்ணட்டும்? புள்ளைங்க எல்லாம் என் மூஞ்சியவே பார்க்குதுங்க."

பத்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றிப் பன்னிரண்டில் ஒருவருடைய விடைத்தாளும் செல்லாது. பதினோரு மணிக்குக் கம்பெனி ஆட்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். அவர்களுக்கு மதியம் பொள்ளாச்சியில் இன்னொரு கல்லூரி.

நான் மதியச் சாப்பாட்டை முழுதும் சாப்பிட்டேன். இதை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

டிசம்பர் 14, வியாழன்

நேற்று ஓனரும் திலீபனும் கல்லூரிக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே யாரோ கணினி ஆசிரியர் வால்பேப்பரை மாற்றிப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பட்டையில் மறைந்திருந்த மூன்று வரியும் தெரிந்திருக்கிறது. லைசன்ஸ் காலம் முடிந்தது என்று.

இன்று காலை ஓனர் தன் அறையில் ஒப்படைப்புப் படிவத்தை மேசைமேல் வைத்திருந்தார். ஏசி போடவில்லை. திலீபன் நின்றுகொண்டிருந்தார். எனக்கு மட்டும் நாற்காலி இருந்தது.

ஓனருக்கு விற்கத் தெரியும், விண்டோஸ் தெரியாது. ட்ரையல் எப்படி வந்தது என்று என்னைத்தான் முதலில் கேட்டார். ஸ்டிக்கர் வரத் தாமதமானதால் ட்ரையலில் மாஸ்டர் செய்தேன் என்றேன். இதுவும் உண்மை. கீ போட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டார். ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தேன். வாயால் எதுவும் சொல்லவில்லை.

ஆகியிருக்காது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். திலீபனுக்கும் தெரியாது. அவர் ஸ்க்ரூ டிரைவர் ஆள்.

"கீ மாஸ்டர்லயே போட்டாச்சுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க, கலா?" என்றார் திலீபன். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஞாபகப்படுத்துகிற குரல். நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஓனரைப் பார்த்துச் சொன்னேன்: "கீ சைட்டுல போடறதுதானுங்ணா நம்ம கடை வழக்கம்."

இந்த ஒரு வாக்கியம்தான். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஓனர் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வருசமா புதுசா வர்றவங்களுக்கெல்லாம் நீதானப்பா அதச் சொல்லிக் குடுத்த? ஒரு புள்ள சொல்லுச்சுன்னு விட்டுருவியா? நூத்தியிருவது டிக் போட்டிருக்கியே, இதுல ஒன்னையாவது பார்த்தியா?"

"பார்த்தனுங்ணா. ஆக்டிவேட்னுதான் இருந்துச்சு."

"அப்பறம் எப்பிடிப்பா போச்சு?"

திலீபன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. என் பக்கம் திரும்பினார். கல்லூரியில் அந்தத் திரையைப் பார்த்ததுபோலத் தலையை லேசாகச் சாய்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"என் கையெழுத்துதானுங்ணா" என்றார்.

டிசம்பர் 15, வெள்ளி

திலீபன் சம்பளக் கணக்கை முடித்துக்கொண்டு, தன் ஸ்க்ரூ டிரைவர் செட்டை எடுத்துக்கொண்டு போனார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "வரட்டுங்களா, மேடம்" என்றார். மூன்று வருடத்தில் என்னை மேடம் என்றது முதல்முறை.

டிசம்பர் 18, திங்கள்

கீ போடுவதற்காக என்னை உடுமலைக்கு அனுப்பினார்கள். இந்தமுறை அசல் விண்டோஸில் மாஸ்டர். ஜன்னலோர இடம் கிடைக்கவில்லை.

ஸ்டிக்கர்களில் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துத்தான் எழுத்தைப் படிக்க முடிந்தது. எட்டா, பி-யா என்று இன்றும் சந்தேகம். குங்குமம் விரலில் ஒட்டிக்கொண்டது. இன்று நாற்பது முடிந்தது.

உதவிக்கான இடத்தில் திலீபன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போடும்படி ஓனர் சொன்னார். போட்டேன்.

வெள்ளைப் பட்டையை எடுத்துவிட்டேன். இனி தேவையில்லை.

டிசம்பர் 20, புதன்

மூன்று நாளாக சுகந்தி மேடம் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் யாராவது எட்டிப் பார்த்தால் கையை ஆட்டி அனுப்பிவிட்டார். கல்யாணம் வைத்திருந்த பெண் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளுக்கு வெள்ளிக்கிழமை முகூர்த்தம் முடிந்துவிட்டதென்று, லேப்பைக் கூட்ட வந்த அம்மாவிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழ வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை.

கடைசிக் கணினி நாலு மணிக்கு முடிந்தது. நூற்றியிருபது கணினிகளும் கீயை முதல்முறையிலேயே ஏற்றுக்கொண்டன. சுகந்தி மேடம் பதிவேட்டை நீட்டினார். நான் கையெழுத்துப் போடும்போது கேட்டார்:

"ஒரு சந்தேகங்க மேடம். கீ மட்டும் போடறதுன்னா மூணு நாளுங்களா ஆகும்? எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா போட்ட மாதிரி இருந்துச்சே. அந்தத் தம்பி அன்னிக்கே கீ அடிச்சிருந்தா சரியாயிருக்குங்களா?"

லேப்பில் வேறு யாரும் இல்லை. சாவிக்கொத்து அவர் மடியில் இருந்தது. பதினோரு வருடம் லேப்பில் உட்கார்ந்திருப்பவர், பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

சரியாகியிருக்கும் என்றேன்.

அவர் பதிவேட்டை மூடினார். "சரிங்க" என்றார்.

ஜூன் 28, வெள்ளி

ஆறு மாதமாக எழுதவில்லை. எழுத எதுவும் இல்லை. நடந்தவற்றை மட்டும் குறித்துவைக்கிறேன்.

பெங்களூர் கம்பெனி அந்தக் கல்லூரிக்கு மறுபடி வரவில்லை. சுகந்தி மேடத்தின் ஒப்பந்தத்தை இந்த ஜூனில் புதுப்பிக்கவில்லை. புதிதாக வந்த லேப் பொறுப்பாளர் இன்று ஏதோ பிரிண்டர் சந்தேகத்துக்கு என் எண்ணுக்கு அழைத்தபோது சொன்னார். திலீபன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பில் போடுகிறார். தாராபுரத்தில் நிச்சயம் நடந்ததா என்று கடையில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு ஏப்ரலில் சம்பளம் உயர்ந்தது.

மாஸ்டர் செய்ய ஒரு புதுப் பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். ஒப்படைப்புப் படிவத்தில் 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் இப்போது நான் கையெழுத்துப் போடுகிறேன்.